உணவுப்பட்டியலில் ஒரு வழக்கறிஞர்

நெதர்லாந்து நாட்டிற்குச் செல்லும் அயலாருள் பெரும்பாலோருக்கு டச்சு மொழி தெரியாது. அந்நாட்டு மக்களோ ஆங்கிலத்தை நன்கு அறிந்தவர்கள். ஆதலால் வழி கேட்பதிலும், பயணச்சீட்டு வாங்குவதிலும் வந்தவருக்கு இடர்ப்பாடு ஏதும் எழுவதில்லை. இடர்ப்பாடு எழுவது உணவு மேசையின் முன்னேதான். பசியோடு அமர்ந்தவரின் கையில் ஒரு பட்டியல் தரப்படுகிறது. டச்சு மொழியில் ஒரு வரி. அதன்கீழ் ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த ஆங்கில வரியில் 'அடித்த பாலேட்டுடன் வழக்கறிஞர்' என்று எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்து 'பன்றியின் முயல்'. அதற்கும் கீழே 'தவறான காப்பி'. எழுத்துப்பிழை ஒன்றுமில்லை, அகராதியும் பொய் சொல்லவில்லை. ஆயினும் உண்ண வந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்நாட்டில் நாம் சில ஆண்டுகள் தங்கியிருந்தபோது, சிறிய உணவகங்கள் சிலவற்றின் பட்டியல்களை இயல்பான ஆங்கிலத்தில் ஆக்கித் தரும் பணி நமக்கு வாய்த்தது. காவியங்களை மொழிபெயர்ப்போரின் முன் இது மிகச் சிறிய பணியே. எனினும் மொழிபெயர்ப்பின் அறம் முழுவதும் இச்சிறு பணியில் அடங்கியிருக்கக் கண்டோம். அதனை நம் குடும்ப வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

உறவு விரிக்கும் வலை

டச்சும் ஆங்கிலமும் மேற்கு ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகள். ஆப்பிளுக்கு டச்சில் 'ஆப்பல்', தண்ணீருக்கு 'வாட்டர்', பாலுக்கு 'மெல்க்'. இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கையில் மொழிபெயர்ப்பில் என்ன தொல்லை என்று கேட்கத் தோன்றும். தொல்லையே அந்த உறவினால்தான் விளைகிறது. முற்றிலும் அன்னியமான சொல்லைக் கண்டால் எவரும் நின்று பொருள் தேடுவர். அறிந்த முகம்போல் தோன்றும் சொல்லை யாரும் சோதிப்பதில்லை.

'கெபாக்கன்' என்னும் சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தின் 'பேக்' என்பதற்கு இது உடன்பிறந்த சொல். ஆனால் டச்சுக்காரர் ரொட்டியை அடுப்பறையில் சுடுவதற்கும், மீனை வாணலியில் வெண்ணெயிட்டு வறுப்பதற்கும் இந்த ஒரே சொல்லையே வழங்குகின்றனர். ஆகவே 'கெபாக்கன்' மீன் என்பதை 'பேக்டு' மீன் என்று எழுதினால், கொழுப்பின்றிச் சுட்ட மீன் வரும் என்று விருந்தினர் நம்புவார்; வருவதோ வெண்ணெயில் பொரிந்த மீன். கொழுப்பை விலக்குமாறு மருத்துவர் கட்டளையிட்டிருக்கும் ஒருவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று. அவ்வாறே 'கோகன்' என்னும் வினை சமைப்பதையும் குறிக்கும். நீரில் வேகவைப்பதையும் குறிக்கும். 'சமைத்த உருளைக்கிழங்கு' என்று பட்டியலில் இருந்தால், சமைக்காத கிழங்கை யார் தருவார் என்ற ஐயமே மிஞ்சும். அவித்த உருளைக்கிழங்கு என்றுதான் எழுத வேண்டும்.

'பாப்ரிக்கா' என்றால் டச்சில் குடைமிளகாய். ஆங்கிலத்திலோ சிவப்பு மிளகாய்த்தூள். 'சிப்ஸ்' என்றால் இங்கிலாந்தில் சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள். டச்சில் பையில் அடைத்து விற்கும் மெல்லிய வறுவல்.

காய்கறிகளுள் 'விட்லோஃப்' என்று ஒன்றுண்டு. பெயரின் பொருள் வெள்ளை இலை. வேரை இருட்டில் வைத்து முளைக்கவிடுவர். ஒளி படாமையால் அதன் குருத்து வெண்மையாக இருக்கும். நம் காப்பித்தூளில் கலக்கப்படும் சிக்கரியும் இதே செடியினத்தின் வேரே. இக்குருத்தை இங்கிலாந்தில் 'சிக்கரி' என்பர். அமெரிக்காவில் 'எண்டைவ்' என்பர். இங்கிலாந்தில் 'எண்டைவ்' என்றால் அதுவோ வேறொரு பச்சைக் கீரை! ஆங்கிலம் என்பது ஒன்றுதான் என்று நினைப்போர்க்கு இந்த ஒரு குருத்தே போதிய பாடம். பட்டியலைப் படிப்போருள் ஆங்கிலேயரும் உளர், அமெரிக்கரும் உளர், இரு சாராரிலும் சேராத ஜப்பானியரும் ஸ்பானியரும் இந்தியரும் உளர். ஆகையால் இரு பெயர்களையும் அருகருகே எழுதுவதே நம் வழக்கமாயிற்று.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இனி, தொடக்கத்தில் கண்ட வழக்கறிஞரை விடுவிப்போம். முட்டையின் மஞ்சட்கரு, சர்க்கரை, பிராந்தி ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் கெட்டியான மஞ்சள்நிறப் பானத்திற்கு 'அட்வோகாட்' என்று பெயர். அதன்மேல் நுரைக்க அடித்த பாலேட்டை இட்டுச் சிறு கரண்டியால் உண்பர். டச்சில் வழக்கறிஞரையும் 'அட்வோகாட்' என்றே அழைக்கின்றனர். முட்டை மதுபானம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் வழக்கு முடிந்தது.

'வார்கன்ஸ்ஹாஸ்' என்பதைப் பிரித்தால் பன்றி, முயல் என்று இரு சொற்கள் கிடைக்கும். ஆனால் இறைச்சிக் கடையில் 'ஹாஸ்' என்பது முதுகெலும்பை ஒட்டிய மிக மென்மையான சதைப்பகுதியின் பெயர். முயலுக்கு அங்கே வேலையில்லை. 'தவறான காப்பி'யிலும் தவறு ஒன்றுமில்லை. வழக்கமான காப்பியில் பால் குறைவு. இதில் பால் மிகுதி. அளவு தலைகீழானதால் 'மாறிய காப்பி' என்ற பொருளில் அப்பெயர் எழுந்தது. சூடான பால் மிகுதியாகச் சேர்த்த காப்பி என்று எழுதினால் எவர்க்கும் விளங்கும்.

ரொட்டித் துண்டுகளின்மேல் பன்றித்தொடைக் கறியும் பாலாடைக்கட்டியும் அடுக்கி, அவற்றின்மேல் வறுத்த முட்டைகளை வைத்துத் தரும் உணவொன்று அந்நாட்டில் எங்கும் கிடைக்கும். அதன் பெயரோ 'வெளியே தள்ளுபவர்' என்று பொருள்படும். இரவு நெடுநேரம் தங்கிய விருந்தினரை வீட்டிற்கு அனுப்புமுன் இறுதியாகப் பரிமாறப்பட்டதால் அப்பெயர் என்பர். குழந்தைகள் ரொட்டியில் தூவி உண்ணும் சாக்லேட் துருவலுக்கு 'ஆலங்கட்டி மழை' என்று பெயர். குழந்தை பிறந்த வீட்டிற்குச் செல்வோர்க்கு மொறுமொறுப்பான ரொட்டியின்மேல் 'சுண்டெலிகள்' தூவிக் கொடுப்பர். அஞ்ச வேண்டாம், அவை சர்க்கரை பூசிய சோம்பு விதைகளே. விதையின் காம்பு வால்போல் நீண்டிருப்பதால் சுண்டெலி ஆயிற்று.

இவற்றைக் கேட்டு டச்சுக்காரரை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆங்கிலேயரும் மாவில் புதைத்துச் சுட்ட இறைச்சிக் குழலை 'பொந்திலுள்ள தேரை' என்கின்றனர். இறைச்சித் துண்டைச் சுருட்டிச் செய்யும் உணவை, ஒலிவக்காய் ஒன்றுகூட இல்லாமலே, 'மாட்டிறைச்சி ஒலிவம்' என்கின்றனர். தாய்மொழியில் பழகிய காதுக்கு இப்பெயர்களில் விந்தை ஏதும் தோன்றுவதில்லை. அயலார் கேட்கும்போதுதான் பெயரின் உள்ளே உறங்கும் தேரையும் சுண்டெலியும் விழித்துக்கொள்கின்றன.

பேயும் துறவியும்

நம் வாசகர்கள் புன்னகை செய்யத்தக்க சில பெயர்களும் உண்டு. அகன்ற வாயும் அச்சுறுத்தும் தோற்றமும் உடைய கடல்மீன் ஒன்றை டச்சுக்காரர் 'கடற்பேய்' என்பர். அதே மீனுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'துறவி மீன்'! பேயைத் துறவியாக்கும் இந்தப் புதுமையை மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் நிகழ்த்த வேண்டியிருக்கிறது. சுவையில் மாற்றமில்லை.

'பன்றிக்கொழுப்புடன் கப்புச்சின் துறவியர்' என்று சொல்லுக்குச் சொல் எழுதத்தக்க உணவும் ஒன்றுண்டு. அது ஒருவகைப் பட்டாணி. வெந்தபின் பழுப்பு நிறம் கொள்ளும். கப்புச்சின் சபையாரின் பழுப்பு அங்கியோடு ஒப்பிட்டு மக்கள் இட்ட பெயர் என்பர். இதனைப் பழுப்புப் பட்டாணி என்று எழுதும்போது விருந்தினர்க்குத் தெளிவு கிட்டுகிறது; ஆனால் துறவியரும் உழவரும் அருகருகே வாழ்ந்த பழங்காலத்தின் நினைவொன்று மறைந்துபோகிறது. அவ்வாறே 'புனித யாகப்பர் சிப்பி' என்று டச்சில் வழங்குவது ஆங்கிலத்தில் 'ஸ்காலப்' என்று ஆகிவிடுகிறது. கொம்போஸ்தெலா திருத்தலத்திற்கு நடந்து சென்ற திருப்பயணிகள் அணிந்த சிப்பி அதுவே. ஒரு மொழியின் வழக்கில் புனிதர் இருக்கிறார். மற்ற மொழியின் வழக்கில் அவர் இல்லை. இந்த இழப்பை ஏற்றுக்கொண்டே பணியாற்ற வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரின் பாதுகாவலராகிய புனித எரோணிமுஸ் இதனை நன்கு அறிந்திருந்தார். திருமறை நூல்களைத் தவிர மற்ற நூல்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் கருத்துக்குக் கருத்து பெயர்ப்பதே தம் முறை என்று அவர் ஒரு மடலில் வாதிட்டுள்ளார். உணவுப்பட்டியல் திருமறை அன்று. ஆதலால் அதனை ஆங்கிலமாக்குவோர் அவர் காட்டிய வழியில் துணிந்து செல்லலாம்.

ஒரு சொல்லின் விலை

இதுவரை நகைப்பிற்குரியவற்றையே கூறினோம். இனிக் கூறப்போவது அத்தகையதன்று.

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு முதியவர் உணவகம் நடத்திவந்தார். அவரே சமைப்பார், அவருடைய மனைவி பரிமாறுவார். அவர்களுடைய பழைய ஆங்கிலப் பட்டியலைப் புதுப்பிக்கும்படி நம்மை அழைத்தனர். அதில் 'பட்டாணி சூப்' என்று ஒரு வரி இருந்தது. குளிர்காலத்தில் டச்சுக்காரர் விரும்பி உண்பது இது. கரண்டியை நட்டால் நிற்கும் அளவிற்குக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பர். உள்ளே என்னென்ன இடுவீர்கள் என்று வினவினோம். உடைத்த பட்டாணி, கிழங்கு வகைகள், பன்றியிறைச்சி, புகையூட்டிய இறைச்சிக் குழல் என்று அவர் விரல்விட்டு எண்ணினார். 'பன்றியிறைச்சியும் உண்டு என்று எழுதுவோமே, ஐயா' என்றோம்.

'வேண்டியதில்லை. எங்கள் ஊரில் சிறு குழந்தைக்குக்கூட அது தெரியும்' என்றார் அவர்.

'உங்கள் ஊர்க் குழந்தை ஆங்கில வரியைப் படிப்பதில்லையே' என்றோம்.

அவர் இசையவில்லை. பட்டியல் நீண்டுவிடும், அழகு கெடும் என்பது அவர் வாதம். அப்போது மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அருகில் வந்தார். முந்தைய கோடையில் நடந்ததை அமைதியாகச் சொன்னார். அயல்நாட்டுக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. அவர்களின் சிறுமிக்கு நிலக்கடலை ஆகாது. பட்டியலில் 'சாஸுடன் கோழிக் குச்சிகள்' என்று மட்டுமே இருந்தது. 'சாத்தே' என்னும் அந்தச் சாஸ் நிலக்கடலையை அரைத்துச் செய்வது என்பது டச்சுக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஆகவே யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு கரண்டி வாயில் பட்டதும் குழந்தையின் உதடுகள் வீங்கின, மூச்சு திணறியது. மருத்துவ ஊர்தி விரைந்து வந்தது. இறைவன் அருளால் குழந்தை பிழைத்தது. 'அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது' என்று சொல்லி அவர் மீண்டும் மேசையைத் துடைக்கச் சென்றார்.

முதியவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு நம் கையிலிருந்த தாளை வாங்கி, சாஸ் என்ற சொல்லின் முன்னே 'நிலக்கடலை' என்று தம் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினார். பட்டாணி சூப்பின் வரியையும் நிரப்பினார். அதன்பின் அழகைப்பற்றி அவர் பேசவேயில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி 2014 டிசம்பர் 13 முதல், ஒவ்வாமை உண்டாக்கும் 14 வகைப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் விருந்தினர்க்குத் தெரிவித்தாக வேண்டும். நிலக்கடலை, பால், முட்டை, மீன், கோதுமை முதலியன அவற்றுள் அடங்கும். சட்டம் நல்லதே. ஆயினும் பெயர்கள் சட்டத்திற்கு அடங்குவதில்லை. ரொட்டியில் தடவும் கடலை வெண்ணெயை டச்சுக்காரர் 'கடலைப் பாலாடைக்கட்டி' என்கின்றனர். அதில் துளிப் பாலும் இல்லை. பெயரை மட்டும் பெயர்த்தால், பால் ஆகாதவர் வீணே ஒதுங்குவார்.

நோயாளர் மட்டுமல்லர், மனச்சான்றின் பொருட்டு உணவை விலக்குவோரும் உளர். இந்துக்கள் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. இஸ்லாமியர் பன்றியிறைச்சி தொடுவதில்லை. தவக்கால வெள்ளிக்கிழமையில் நாமும் சுத்தபோசனம் காக்கிறோம். 'பிட்டர்பல்லன்' என்று அங்கே ஒரு சிற்றுண்டி உண்டு. அதனைக் 'கசப்பு உருண்டைகள்' என்று எழுதியிருந்தால், நம்மவர் பாகற்காய் போன்ற ஏதோ ஒன்று என்று எண்ணிக் கவலையின்றி உண்பர். உண்மையில் அதில் கசப்பு சிறிதும் இல்லை. கசப்பு மதுவோடு உண்ணப்பட்டதால் வந்த பெயர் அது. உள்ளே இருப்பதோ கெட்டியான குழம்பில் குழைத்த மாட்டிறைச்சி.

எதனை விடுவது, எதனைப் பெயர்ப்பது?

அப்படியானால் டச்சுப் பெயர்களை எல்லாம் துடைத்தெறிந்துவிடலாமா? கூடாது. விருந்தினர் பணியாளரிடம் சொல்லிக் கேட்பதற்கு அந்தப் பெயர் வேண்டும். ஊருக்குத் திரும்பியபின் நினைத்து மகிழ்வதற்கும் வேண்டும். எனவே பெயரை மேல்வரியில் அப்படியே நிறுத்திவிட்டு, கீழ்வரியில் மூன்று செய்திகளைச் சொல்வதே சிறந்த முறை. உள்ளே இருப்பது என்ன? எவ்வாறு சமைக்கப்பட்டது? உடன் வருவது என்ன? 'பிட்டர்பல்லன் – மாட்டிறைச்சிக் குழம்பு நிறைத்துப் பொரித்த மொறுமொறுப்பான உருண்டைகள், கடுகுச் சாந்துடன்' என்று எழுதினால் போதும்.

'ஹுட்ஸ்பொட்' என்னும் உணவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் ஆகியவற்றை ஒன்றாக வேகவைத்து மசிப்பது அது. 1574ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் லெய்டன் நகரின் முற்றுகை நீங்கியது. பட்டினியால் வாடிய மக்களுக்கு, பகைவர் விட்டுச்சென்ற பானையில் கிழங்குக் குழம்பு கிடைத்ததாகக் கதை வழங்குகிறது. இன்றும் ஆண்டுதோறும் அந்நாளில் அந்நகரத்தார் இதனை உண்டு நினைவுகூர்கின்றனர். இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சொல் ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் அங்கே அதற்குத் தாறுமாறான கலவை என்று பொருள். அச்சொல்லை இட்டால் ஒரு நகரத்தின் நன்றியுணர்வு குப்பைக் குவியலாகிவிடும்! பெயரை விட்டுவைத்துப் பொருளை விளக்குவதே மரியாதை.

காலத்திற்குக் காலம் புதுப்பெயர்களும் பிறக்கின்றன. ரோட்டர்டாம் நகரில் முடிதிருத்துபவர் ஒருவர் 2003ஆம் ஆண்டில் தம் கடைக்கு அருகிலிருந்த உணவகத்தில் பொரித்த உருளைக்கிழங்கு, இறைச்சி, பாலாடைக்கட்டி, இலைக்காய்கறி ஆகியவற்றை ஒரே தட்டில் அடுக்கித் தரச் சொன்னார். இன்று அது நாடெங்கும் 'முடிதிருத்தகம்' என்ற பெயரால் விற்கப்படுகிறது. அதனை மொழிபெயர்க்கும் துணிவு எவர்க்கு வரும்?

சில சொற்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படுவதில்லை. ஆங்கிலம் அவற்றை முன்பே தன்னதாக்கிக்கொண்டது. 'கோல்ஸ்லா' டச்சுக்காரரின் முட்டைக்கோஸ் கலவை. 'குக்கி' அவர்களின் சிறு பணியாரம். 'பிராந்தி' அவர்களின் காய்ச்சி வடித்த மது. டச்சுப் பட்டியலில் காணும் 'கெர்ரி' என்ற சொல்லுக்கு மூலம் நம் தமிழின் 'கறி'யே ஆகும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் டச்சுக்காரர் வணிகம் செய்த வரலாற்றை நாம் அறிவோம். எனினும் அங்கே 'கெர்ரி' என்றால் காரம் குறைந்த மஞ்சள்நிறப் பொடி என்றுதான் பொருள். நம் வீட்டுக் கறியை எண்ணி அதனைக் கேட்கும் தமிழர் ஏமாற்றமே அடைவார். நம் சொல்லே நமக்கு மொழிபெயர்க்கப்பட வேண்டிய நிலை!

நம் இல்லங்களுக்கும் அயலூரார் வருகின்றனர். வேறு மாநிலத்து மருமகள், வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளின் நண்பர்கள், பிற சமயத்து அயலார் ஆகியோர் நம் மேசையில் அமர்கின்றனர். 'இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே' என்று நாம் சொல்லாமல் விடுவது, அவர்களுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கலாம். உணவைப் படைக்குமுன் அதில் உள்ளதை எடுத்துரைப்பதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே.

டச்சு உணவுப்பட்டியல்கள் பலவற்றின் அடியில் 'ஏட் ஸ்மாக்கலெக்' என்றொரு வாழ்த்து இருக்கும். சுவைத்து உண்ணுங்கள் என்பது அதன் பொருள். இதற்கு இணையான இயல்பான வாழ்த்து ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலேயரே பிரெஞ்சு மொழியில் கடன் வாங்கித்தான் சொல்கின்றனர். அந்த வரியை மட்டும் நாம் எந்தப் பட்டியலிலும் பெயர்க்கவில்லை. மேலே உள்ள வரிகள் உண்மையாக எழுதப்பட்டிருந்தால், இந்த வாழ்த்து எம்மொழியினர்க்கும் தானே விளங்கிவிடும்.